லிஸ்ட்டுல இல்லாத லாங்குவேஜ்

ஏம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரர் எந்த லாங்குவேஜ்?

கம்ப்யூட்டர்ல எழுதுறாங்கல்ல, ஜாவா, பைத்தான்னு, அதைக் கேட்டேன். ஓ, ஸ்கூல் வாத்தியாரா? கணக்கு வாத்தியாரா. சரி சரி, அதுவும் நல்ல உத்தியோகந்தான். இல்ல, திண்டுக்கல்ல ஏறுனதுல இருந்து நீங்க மடியில கம்ப்யூட்டரை வச்சுத் தட்டிக்கிட்டே வர்றீங்களா, அதுல கலர் கலரா எழுத்து ஓடுதா, அதான், இவங்க வீட்டுல யாரோ ஐடியில இருக்காங்க போலன்னு நினைச்சேன்.

நான் எழும்பூருக்கும்மா. ரெண்டேகாலுக்குப் போயிருமா இந்த வண்டி? போயிருமா? இல்ல, மணப்பாறையிலயே ஏழு நிமிஷம் நின்னுட்டான். நான் வாட்சைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மூணு மணிக்கு ஒரு ஆபீஸ்ல இருக்கணும். இருக்கணுமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல, அது வேற கதை. ஆனா வண்டி லேட்டாகி அதனால போகலன்னு ஆயிறக்கூடாது பாருங்க. போறதும் போகாததும் நாமளா எடுத்த முடிவா இருக்கணும்.

நான் ஈ.பி.யில இருந்தேன். அசெஸ்ஸர். வீடு வீடா வந்து மீட்டர் பாத்து, வெள்ளை அட்டையில ரீடிங் எழுதிட்டுப் போவாங்கல்ல, அது நான்தான். முப்பத்திரெண்டு வருஷம். திண்டுக்கல்ல பாதி வீட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். வெளிய ஓட்டு வீடா இருக்கும், மீட்டர் பறக்கும். என்னடான்னு பாத்தா உள்ள ரெண்டு ஏசி. சில வீடு மாடி மேல மாடியா இருக்கும், மீட்டர் அசையாது. அப்ப எங்கயோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறான்னு அர்த்தம். ஆளைப் பாத்து நான் ஏமாந்ததே கெடையாது. மீட்டரைப் பாத்தாப் போதும்.

அந்தப் பழக்கந்தான். பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சப்ப முதல்ல ஒரு மீட்டர் வேணும்னு நினைச்சேன்.

பாப்பான்னா என் மக. அபிராமி. இருபத்தெட்டு ஆகுது. ஒத்தப் புள்ளம்மா. எனக்கும் ராமதிலகத்துக்கும் பத்து வருஷம் கழிச்சுப் பொறந்தது. அம்மன் கோயிலுக்கு நடையா நடந்து பொறந்தது, அதான் அம்மன் பேரு. சென்னையில வேலை. அதுவும் ஐடிதான்.

இந்தா, காட்டுறேன் பாருங்க. பை அடியில எங்கயோ... இந்தா. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், தைரியமாப் புடிங்க. எங்க தெருவுல பிரவுசிங் சென்டர் வச்சிருக்க காஜா எடுத்துக் குடுத்தான். எந்த லாங்குவேஜ் எழுதுறவனுக்கு வருஷத்துக்கு எம்புட்டுச் சம்பளம், மேல இருந்து கீழ வரைக்கும். இருபது லாங்குவேஜ். டாலர்லதான் போட்டிருந்துச்சு. நான் ஒவ்வொண்ணையும் எம்பத்தி மூணால பெருக்கி, பக்கத்துலயே ரூவா எழுதி, அப்புறந்தான் லேமினேட்டுக்குக் குடுத்தேன். செவப்பு மையில இருக்கு பாருங்க, அது என் கையெழுத்து. முத்து மாதிரி இருக்குல்ல? அசெஸ்ஸர் கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

ஏன் சிரிக்கிறீங்க? எந்த ஊர்ச் சம்பளமா? எந்த ஊரா இருந்தா என்னம்மா, கம்ப்யூட்டர் ஒண்ணுதானே. அதை விடுங்க, அந்தக் கேள்விய ஒருத்தன் கேட்டான், அவன் கதைக்குத்தான் வர்றேன்.

மொத வந்தது பி.எச்.பி. நல்ல பையன், தேனிக்காரங்க. லிஸ்ட்டுல பாத்தா பதினெட்டாவது எடம். வேணாம்னுட்டேன். சிங்கிள் பேஸ் லைனை இழுத்துட்டு வந்து மில்லு ஓட்ட முடியுமா? ரெண்டாவது ஜாவா. குடும்பம் கோயமுத்தூர்ல. பையன் வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம்னான். நான் சார்ட்டை எடுத்தேன். சார்ட் படி ஜாவாவுக்கு எழுவத்தஞ்சு லட்சம் வரணும். நான் பையனோட அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு, மரியாதையாத்தான், ‘சம்பந்தி, மீதி அம்பத்தேழு லட்சம் எங்க போகுது?’ன்னு கேட்டேன். நான் சொன்னேன், ‘லைன் லாஸ் இருக்கும், கம்பியிலயே கொஞ்சம் போயிரும், எனக்கும் தெரியும். பத்து பர்சன்ட், பதினஞ்சு பர்சன்ட் இருக்கும். முக்கால்வாசிக்கு மேல காணாமப் போனா அது லாஸ் இல்ல சம்பந்தி, எங்கயோ கொக்கி போட்டிருக்கு. பையனுக்கு வெளிய எதும் பழக்கமா?’ன்னேன்.

எந்திரிச்சுட்டாங்க. பஜ்ஜி அப்படியே இருந்துச்சு. ஒரு வாய் காபி கூடக் குடிக்கல.

ராமதிலகம் ஒரு வாரம் எங்கூடப் பேசல. அவளுக்கு அப்பத்தான் முட்டி ஆபரேஷன் ஆகியிருந்துச்சு, மதுரையில, பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு முட்டியும். கட்டில்ல இருந்துக்கிட்டே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆபரேஷனுக்கா? அதெல்லாம் பாப்பா பாத்துக்கிருச்சு. நான் என்னத்தப் பாத்தேன், கையெழுத்துப் போட்டதோட சரி.

டீ வருது. ரெண்டு குடுப்பா. இருக்கட்டும்மா, நான் குடுக்கிறேன். சில்லறை... ஏ, சட்டைப் பையில கைய விட்டா வெறும் பையா இருக்கு. பேனா இல்லாம இருந்ததே இல்லம்மா இந்தப் பை. ரிடையர் ஆகியும் குத்திக்கிட்டுத்தான் திரிஞ்சேன். இன்னைக்குத்தான் எடுத்து மேசையில வச்சுட்டு வந்தேன். மறந்துட்டு இல்ல, வேணும்னேதான். அதைப் பெறகு சொல்றேன். திருச்சி வந்துருச்சா? இது திருச்சிதானே? இன்னும் பாதிக்கு மேல இருக்கே.

மூணாவது ஒரு வரன் வந்துச்சு பாருங்க, ரஸ்ட். லிஸ்ட்டுல நம்பர் ஒன். இந்தா, மொத வரி. இங்கிலீஷ்ல அதுக்குத் துருன்னு அர்த்தமாம், வச்சிருக்க பேரைப் பாருங்க. நான் செவப்பு மையில ஒரு கோடிக்கு மேல எழுதியிருக்கேன். எனக்குத் தூக்கமே வரல. பூ வைக்க நாள் பாத்துட்டேன். அபிதான், ஒரு பத்து நிமிஷம் போன்ல பேசிக்கிறேம்ப்பான்னுச்சு. பேசுச்சு. பேசிட்டு வந்து, ‘அப்பா, அவரு இன்னும் வீடியோ பாத்துத்தான் படிச்சுக்கிட்டு இருக்காரு. ஆபீஸ்ல பாக்குறது வேற வேலை’ங்குது. ‘ஒனக்கு எப்படித் தெரியும்?’னேன். ‘நாலு கேள்வி கேட்டேம்ப்பா’ன்னுச்சு. அம்புட்டு சூட்டிகைம்மா எம்புள்ள. அப்படியே அவங்கம்மா.

அதுக்கப்புறம் மூணு மாசம் வரன் வரல. தரகர் போனை எடுக்க மாட்டேங்குறான். என்னைப் பத்தி வெளிய என்னமோ பேச்சு ஓடியிருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பரபரப்பு. ராத்திரி பகல் இந்தச் சார்ட்டைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு கேளுங்க. நான் சம்பாதிச்ச காலத்துல அவளுக்கு ஒண்ணும் பெருசாச் செய்யலம்மா. அடுத்த ஊட்டுல ஏசி ஓடுதான்னு எழுதிட்டு வந்து, எங்க வீட்டுல ஃபேனைக் குறைச்சு வைன்னு சொன்ன ஆளு நான். போற எடத்துலயாவது புள்ள நல்லா இருக்கணும்ல. அந்தப் பயந்தான். வேற ஒண்ணும் இல்ல.

அப்பத்தான் ஆவணியில ஒருநாள் அபியே போன் பண்ணுச்சு. ‘அப்பா, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் அவங்கம்மாவோட வர்றாரு. நீங்க பாருங்க. எனக்குப் புடிச்சிருக்கு’ன்னுச்சு. யாருன்னு கேட்டா, கூட வேலை பாக்குறவராம். ஒரே டீமாம். அஞ்சு வருஷமா பக்கத்துப் பக்கத்து சீட்டாம். எனக்குப் புரிஞ்சு போச்சு. அஞ்சு வருஷம் பக்கத்து சீட்டுன்னா வேற என்னத்த? இதெல்லாம் நான் சினிமாவுலயே பாத்ததுதான்.

வேற ஆளுங்க அவங்க. பண்ருட்டிப் பக்கம். அம்மா சத்துணவுல வேலை, அப்பா இல்ல. பையன் பேரு நவநீதன். சாதியெல்லாம் நான் பாக்கலம்மா. சத்தியமாப் பாக்கல. அன்னைக்கே ராமதிலகத்துக்கிட்டயும் சொன்னேன், ‘சாதி எனக்கு ஒரு விஷயமே இல்ல. லாங்குவேஜ்தான்’னு.

வந்தாங்க. பையன் ஒல்லியா, கண்ணாடி போட்டு, அமைதியா இருந்தான். வந்து உக்காந்ததும் ‘நல்லா இருக்கீங்களா மாமா’ங்குறான். எடுத்த எடுப்புல மாமா! எனக்குச் சுர்ருன்னுச்சு. இருந்தாலும் அடக்கிக்கிட்டேன். அந்தம்மா எங்க காம்பவுண்டுச் சுவரைப் பாத்து, ‘இப்பத்தான் கட்டுனீங்களாண்ணே, நல்லா இருக்கு’ன்னுச்சு. ஆமா, போன வருஷம் கட்டுனது, அபிதான் கட்டச் சொல்லிப் பணம் அனுப்புச்சு, போரும் அப்பப் போட்டதுதான்னு சொல்லிக்கிட்டே சார்ட்டை எடுத்து மடியில வச்சேன்.

‘தம்பி எந்த லாங்குவேஜ்?’

‘கோபோல், மாமா.’

மேல இருந்து கீழ பாத்தேன். கீழ இருந்து மேல பாத்தேன். கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாத்தேன். இல்ல.

‘லிஸ்ட்டுலயே இல்லையே தம்பி.’

‘அது ரொம்பப் பழசு மாமா. எங்கப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே வந்தது’ன்னு சிரிக்கிறான். ‘பேங்க், இன்சூரன்ஸ்னு பெரிய எடங்கள்ல உள்ளுக்குள்ள இன்னும் அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. தெரிஞ்சவங்க எல்லாம் ரிடையர் ஆகிக்கிட்டே வர்றாங்க. அதனால இருக்குறவங்களை விட மாட்டேங்கிறாங்க.’

எனக்குச் சக்கர மீட்டர் ஞாபகம் வந்துருச்சு. பழைய மீட்டர், உள்ள சக்கரம் சுத்துமே. அதையெல்லாம் கழட்டிட்டு டிஜிட்டல் மாட்டுன ஆளு நான். எங்கிட்டயே வந்து சக்கர மீட்டர் பெருமை பேசுறான். சம்பளம் எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்ல. லிஸ்ட்டுல இல்லாததுக்கு என்னத்தக் கேக்குறது?

அப்ப அவன் கையை நீட்டி, ‘மாமா, பாக்கலாமா?’ன்னு சார்ட்டை வாங்கினான். பாத்தான். நீங்க கேட்டீங்கள்ல, அதையேதான் கேட்டான். ‘இது அமெரிக்காவுல இருக்குறவங்க சம்பளம் மாமா. எம்பத்தி மூணால பெருக்குனா நம்மூர்ச் சம்பளம் ஆகாது’ன்னான். ‘கம்ப்யூட்டர் ஒண்ணுதானே தம்பி’ன்னேன். அதுக்கு அவன், குரலக்கூட ஒசத்தாம, ‘ஒயரும் ஒண்ணுதான் மாமா. வீட்டுக்குப் போனா ஒரு ரேட்டு, மில்லுக்குப் போனா ஒரு ரேட்டு. எந்த ஒயருன்னு பாத்தா நீங்க பில்லு போட்டீங்க? எங்க போய் என்ன ஓட்டுதுன்னு பாத்துத்தானே போட்டீங்க?’ன்னான்.

என் தொழில்ல வந்து எனக்கே பாடம் எடுக்குறாம்மா! அவன் சொன்னது சரியா தப்பான்னு கூட நான் யோசிக்கல. அவங்கம்மா முன்னாடி, என் வீட்டுல, என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ‘செத்துப்போன மொழிய வச்சுக்கிட்டு ஒரு குடும்பத்த எப்படித் தம்பி ஓட்டுவீங்க? அதுல ஒரு குடும்பம் சாப்புட முடியுமா? ஒரு ஆஸ்பத்திரிச் செலவு பாக்க முடியுமா?’ன்னு கேட்டுட்டேன்.

சத்தமாவே கேட்டேன். அபி அப்பத்தான் காபித் தட்டோட உள்ள இருந்து வந்துச்சு. தட்டு லேசா ஆடி, காபி கொஞ்சம் சிந்திருச்சு. ‘தொடைச்சுரும்மா, எறும்பு வரும்’னேன். அது தொடைக்கல. தட்டை வச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பையன் வாயைத் தொறக்க வந்தான். அபி அவனைப் பாத்துத் தலைய ஆட்டுச்சு, வேணாங்கிற மாதிரி. அவன் பேசல. ராமதிலகம் கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா.

அம்புட்டுத்தான். அவங்க போயிட்டாங்க. அபியும் சாயங்கால வண்டிக்கே கிளம்பிருச்சு. வாசல்ல செருப்பு போடும்போது, ‘அப்பா, என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’னுச்சு. ‘ஒன்னையப் பத்தி நினைச்சுத்தானே இம்புட்டும்’னேன். செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கிருச்சு.

ரெண்டு வாரங் கழிச்சுத் தபால்ல ஒரு கடுதாசி வருது. அபி கையெழுத்துல. கல்யாணத்துக்கு நோட்டீஸ் குடுத்துட்டாங்களாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முப்பது நாளு போர்டுல ஒட்டி வைப்பாங்களாம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுக்கலாமாம். இன்னைத் தேதி போட்டு, மூணு மணிக்குக் கல்யாணம்னும் இருந்துச்சு. கடைசியில, ‘சாட்சிக் கையெழுத்துக்கு மூணு பேர் வேணும்ப்பா. ரெண்டு பேர் சொல்லியாச்சு. மூணாவது எடத்தை யாருக்கும் குடுக்கல’ன்னு எழுதியிருந்துச்சு. அந்த ஒரு வரிய எத்தனை தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

ஆனா நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஆட்சேபணை எழுத உக்காந்தேன். ‘ஐயா, மேற்படி மணமகன் எழுதும் மொழி வழக்கொழிந்தது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது’ன்னு எழுதிட்டேன். ராமதிலகம் வாங்கிப் படிச்சா. ‘சட்டத்துல இப்படி ஒரு காரணம் இருக்கா?’ன்னா. ‘இருக்கணும்’னேன். நாலாக் கிழிச்சுப் போட்டா. போட்டுட்டு, ‘சாதி பாக்கலன்னு ஊரெல்லாம் பெருமை பேசுறீங்க. அதுக்குப் பதிலாத்தான் இதை லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்க’ன்னா. நாப்பது வருஷத்துல அவ என்னை அப்படிப் பேசுனதில்ல. போன செவ்வாய்க்கிழமை, தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிட்டு, புது முட்டியோட நல்லா நடந்து பஸ் ஏறிட்டா. தங்கச்சி வீடு வத்தலக்குண்டு. இவ ஏறுனது சென்னை பஸ்.

விருத்தாசலம் தாண்டிட்டானா? கொஞ்சம் எந்திரிச்சு நிக்கிறேம்மா, உக்கார முடியல.

முந்தாநாள் இந்த டிக்கெட் போன்ல வருது. ஏசி சேர் கார். அபிதான் போட்டு அனுப்பியிருக்கு. நான் கேக்கல. ஒரு வார்த்தை கூட எழுதல, டிக்கெட் மட்டும். காலையில குளிச்சேன், சட்டை போட்டேன், பேனாவை எடுத்துச் சொருகினேன், எடுத்து மேசை மேலயே வச்சுட்டேன். வர்றேன், நிக்கிறேன், ஆனா கையெழுத்து எங்கிட்ட இருந்து வராது. அப்படி ஒரு முடிவு. நேரா அந்தப் பையன் முன்னாடி போய் இந்தச் சார்ட்டை நீட்டி, ‘எங்க தம்பி ஒன் லாங்குவேஜ், காட்டு’ன்னு கேட்டுட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிறலாம்னு இருக்கேன். ஆனா ஒரு நினைப்பு விட மாட்டேங்குதும்மா. அபி அங்க வாசலைப் பாத்துக்கிட்டு நிக்குமோன்னு.

என்ன கேட்டீங்க? எம்மகளா?

எம்மக எந்த லாங்குவேஜா?

அது... அதுவும் கம்ப்யூட்டர்தாம்மா. ஐடி. ஜாதகத்தோட குடுக்குற பேப்பர்ல பி.இ., ஐடி, சென்னைன்னு போட்டிருக்கேன். லாங்குவேஜ்லாம் பொண்ணுக்கு யாரு கேட்டா? எந்த வீட்டுலயும் கேக்கல, நானும்... இல்லம்மா, சம்பளமும் தெரியாது. பொண்ணு சம்பளத்தக் கேக்குறது நல்லாவா இருக்கு? மாசம் ஒண்ணாந்தேதி ராமதிலகம் கணக்குல வந்துரும். ஏழு வருஷமா ஒரு மாசம் தவறுனதில்ல.

ஆமா, ஒரே டீம். அபியே சொல்லுச்சு. பக்கத்து சீட்டு. அஞ்சு வருஷமா. ஏன் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க?

இருங்க.

இருங்க இருங்க. ஒரே டீம்னா எல்லாரும் ஒரே லாங்குவேஜ்தான் எழுதுவாங்களா? அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்லியே? உங்க டீம்ல எப்படி? ஓ. நீங்களும் இந்த வேலையா? அது சரி, நான் உங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். உங்களைக் கேக்கவே இல்ல, பாருங்க. இம்புட்டு நேரம் கண்ணு முன்னாடி தட்டிக்கிட்டே வர்றீங்க.

ஒரு நிமிஷம். போன் பண்ணிக்கிறேன். ஒரு மாசத்துக்கு மேலாப் பேசல, எடுக்குமோ என்னமோ.

ஹலோ. அபி. அப்பாதான். ம், வண்டியிலதான். செங்கல்பட்டு வரப்போகுது. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இல்லம்மா, சண்டைக்கு இல்ல. ஒண்ணு கேக்கணும். இல்ல, அந்தத் தம்பியப் பத்தி இல்ல. ஒன்னையப் பத்தி. நீ... நீ என்ன எழுதுற? ஆபீஸ்ல. எந்த லாங்குவேஜ்?

ம்.

ஏழு வருஷமா அதேதானா?

ம். ஆமாம்மா. கேட்டேன். செத்துப்போன மொழின்னு நான்தான் சொன்னேன். தட்டோட நின்ன, ஆமா. தொடைக்கச் சொன்னேன். அம்மா பக்கத்துல இருக்காளா? வேணாம், குடுக்காத. வந்துக்கிட்டு இருக்கேன்னு மட்டும் சொல்லு. ரெண்டேகால். நானே ஆட்டோ புடிச்சு வந்துருவேன். சரி. சரிம்மா. வை.

ஒண்ணும் இல்லம்மா. தூசி. ஏசிப் பெட்டியில எங்க தூசின்னு கேக்காதீங்க.

கோபோலாம்.

அந்த முட்டி, ரெண்டும். காம்பவுண்டுச் சுவரு. போரு. வீட்டு லோன்ல பாக்கி இருந்துச்சு, அதுவும் அதுதான் அடைச்சுச்சு. இந்தா, நான் உக்காந்திருக்க சீட்டு. எல்லாத்தையும் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே, அதுல ஒரு குடும்பம் சாப்புட முடியுமான்னு, அது நிக்கையிலயே கேட்டிருக்கேன். அந்தப் பையனுக்கு அப்பவே தெரியும். ஒரு வார்த்தையில என் மூஞ்சியில அடிச்சிருக்கலாம். அபி தலைய ஆட்டுச்சுன்னு பேசாம உக்காந்திருந்தாம்மா அவன். எனக்கு வெக்கமா இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ரொம்ப வெக்கமா இருக்கு.

பூட்டுன வீடா இருந்தா நாங்க டோர் லாக்னு எழுதிட்டு, போன தடவ வந்த தொகையவே போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவோம். அது ஒரு வசதி. எம்மகளுக்கு நான் அப்படித்தான் எழுதிக்கிட்டே இருந்திருக்கேன். வீடு பூட்டியே இல்ல. தட்டிப் பாக்கல நான்.

வருஷத்துக்கு எம்புட்டு வாங்குறன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சும்மா இப்ப. பழக்கம் போகுமா? நல்லவேளை, கேக்கல.

தாம்பரமா? எழும்பூருக்கு இன்னும் அரைமணி நேரந்தான் இருக்கு. சட்டை கசங்கியிருக்கா பாருங்க. முதுகுப் பக்கம்? பரவாயில்லையா? சார்ட்டா? நீங்களே வச்சுக்கங்கம்மா. நல்ல தடிமனான லேமினேஷன். சூடா பாத்திரம் எறக்கி வச்சாக்கூட மேசை கெடாது.

ஏம்மா, உங்ககிட்ட ஒரு பேனா இருக்குமா? எந்தக் கலரா இருந்தாலும் சரி. இருக்கா? குடுங்க, சொருகிக்கிறேன். ஆனா ஒண்ணு, எறங்குறப்பத் திருப்பித் தர முடியாது. மூணு மணிக்கு எனக்கு அது வேணும்.